ஆறாம் நாள் தாள்

ஆறு நாளைக்கு ஒருமுறை
கார்வின் பள்ளிக்கூடத்தின் கூரையில் ஏறுவேன்.
பரீட்சைத்தாள் அளவில் ஒரு கண்ணாடியிழைத் தாள்
ஒரு பகலும் ஓர் இரவும்
ஊரின் காற்றைக் குடித்துவிட்டுக்
கரியாய்க் கிடக்கும்.
அதை மடித்து உறையிலிட்டுப் புதியதை வைப்பேன்.
மொன்டானா அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது
ஒரு கழித்தல் கணக்குக்கு:
அழுக்குத்தாளின் எடையிலிருந்து
வெறுந்தாளின் எடை.

ஏணியைப் பிடித்துக்கொள்பவர்
பள்ளியைப் பெருக்கும் டுவேன் வுகோவிச்.
தம்பி செம்பு உலையில்.
மாமனார் உலையிலிருந்து நேரே கல்லறைக்குப் போனவர்.
"இன்னைக்கு எவ்வளவு தேறும்?" என்பார்,
மீன் வாங்க வந்தவரைப் போல.

திருப்பதிக்கு நேர்ந்துகொண்டதுபோல்
ஊரைச் சுற்றி மூன்று மலைகளும் மொட்டை.
கொடியில் காய்ந்த சட்டைகளில் பொத்தல்.
மேல்காற்று அடித்தால்
நாக்கில் எரிந்த தீக்குச்சி.
"இது சம்பளத்தோட வாசனை, பொண்ணே"
என்பாள் ரொட்டிக்கடை ஐலீன்.
சிரிப்பேன்.
என் சம்பளமும் அதே புகையிலிருந்து
சுற்றி வளைத்து வருவதுதானே.

எழுபத்தொன்பது நவம்பர், ஒரு திங்கள்.
காலைச் சங்கு ஊதவில்லை.
ரேடியோவில் நான்கு வாக்கியங்கள்,
வாசித்தவன் டென்வரில் இருந்தான்.
எண்ணூறு பேர்.
காரணம் இரண்டு சொன்னான்:
செம்பின் விலை,
சுத்தமான காற்றுக்கான சட்டம்.
ஊர் இரண்டாவதை மட்டும் காதில் வாங்கியது.
செம்புவிலையின் முகத்தை
யாரும் பார்த்ததில்லை.
என் முகத்தை
ஆறு நாளைக்கு ஒருமுறை பார்த்திருந்தார்கள்.

அடுத்த முறை ஏணி சரளைக்கல்லில் கிடந்தது.
டுவேன் குழாயடியில் ஒரே வாளியை
வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.
நானே நிமிர்த்திச் சாத்தி ஏறினேன்.
தாள் வெள்ளை.
வைத்தது வைத்தபடி.
சந்தோஷம் வந்தது. மறைப்பானேன், வந்தது.
இறங்கி வந்தால்
கார்க் கண்ணாடியில் யாரோ உடைத்த முட்டை.
ஐலீன் ரொட்டியை விற்றாள்,
பையில் போட்டுத் தரவில்லை.

தாது மட்டும் வழக்கம்போல் ரயிலேறியது,
கடற்கரைக்கு, அங்கிருந்து ஜப்பானுக்கு.
அங்கே எந்தப் பள்ளியின் கூரையோ,
ஏணியை யார் பிடிக்கிறார்களோ.

ஏப்ரலில் மாநில அலுவலகத்தின் கடிதம்:
அளக்க ஒன்றுமில்லாத இடத்தில்
அளப்பவர் தேவையில்லை.
மே மாதக் கடைசியில் பெட்டியைக் கழற்றப் போனேன்.

அதற்குள் வாஷிங்டனில் ஒரு மலை வெடித்து
மாநிலங்கள் தாண்டிச் சாம்பல் கொட்டியிருந்தது.
உலை பத்து வருடத்தில் தராத கனத்தைக்
கடைசித்தாள் ஒரே நாளில் காட்டியது.
டுவேன் ஏணிக்கு வந்தார்.
தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
"இந்த மலையை யார் இழுத்து மூடப்போறாங்க?"
சிரித்தார். இருமினார். மறுபடி சிரித்தார்.
பிறகு,
"ஆக, உன்னையும்."
"என்னையும்."
திருகாணிகளை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார்.
ஒன்று குறைந்தது.
சரளைக்கல்லில் இருவரும் குனிந்து தேடினோம்.
கற்களுக்கிடையே
ஊசிபோல் பச்சையாய் எதுவோ முளைத்திருந்தது.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.
திருகாணி கிடைக்கவே இல்லை.

பல வருடம் கழித்து, ஸ்போக்கேனில்,
அக்காவின் கடிதம் வந்தது.
தூத்துக்குடியில் உப்பளத்துக்கு அந்தப் பக்கம்
செம்பு ஆலை வருகிறதாம்,
புகைபோக்கி பாதி எழும்பிவிட்டதாம்,
பக்கத்து வீட்டு செலஸ்டினுக்கு வேலை நிச்சயமாம்.
"நம்ம ஊருக்கும் விடிஞ்சிருச்சுடி"
என்று முடித்திருந்தாள்.

பதில் எழுத எடுத்த தாள்
ஆறு நாள் மேசையில் வெள்ளையாகக் கிடந்தது.
ஏழாம் நாள்
'ரொம்ப சந்தோஷம்' என்று எழுதினேன்.
கீழே, இடம் போதாமல் ஓரத்தில்:
செலஸ்டினை
மூக்கில் ஒரு ஈரத்துணி
கட்டிக்கொள்ளச் சொல்.